பவளத்துக்கும் பசிக்கும்!

கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்: ஒரு சமநிலைக் கணக்கு

அலங்கார மீன் வளர்ப்பில் ஜொகூர் பெயர் பெற்ற மாநிலம். ஜொகூர் பாருவில் கடல் மீன்கள் விற்கும் கடை ஏதேனும் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். நீல விளக்கின் கீழே ஒரு தொட்டியில் காளான் போல விரிந்த ஒன்று, விரல்கள் போலக் கிளைத்த ஒன்று, கைகளை மூடித் திறந்துகொண்டே இருக்கும் ஒன்று என விதவிதமாக அசைந்துகொண்டிருக்கும். பார்த்தால் செடி போலத் தோன்றும். செடி அல்ல, விலங்கு. அவைதாம் மென்பவளங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. முதல் தொட்டியின் நீரைச் சோதித்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம். இரண்டாவது தொட்டியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. மென்பவளம் எந்தத் தொட்டியில் நன்றாக வளரும்?

முதல் தொட்டி என்று பலரும் சொல்வார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அழுக்கு என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் சரியான விடை இரண்டாவது தொட்டி. காரணத்தைத் தெரிந்துகொண்டால் மீன் தொட்டி மட்டுமல்ல, மெர்சிங் தீவுகளைச் சுற்றியுள்ள கடலும் உங்களுக்குப் புரியும்.

எட்டுக் கைகள், உள்ளே ஒரு விருந்தாளி

ஒரு மென்பவளத்தை உற்றுப் பாருங்கள். அதன் மேல் சின்னஞ்சிறு பூக்களைப் போல நூற்றுக்கணக்கான பாலிப்புகள் இருக்கும். ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டுக் கைகள்; ஒவ்வொரு கையும் இறகு போல ஓரங்களில் பிரிந்திருக்கும். கல் பவளங்களின் கைகள் ஆறு அல்லது ஆறின் மடங்காக இருக்கும். எண்ணிப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். கல் பவளத்தைப் போல மென்பவளம் கெட்டியான சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதில்லை. அதன் சதைக்குள் மிகச் சிறிய சுண்ணாம்பு முட்கள் மட்டும் பதிந்திருக்கும்.

கடைகளில் அதிகம் காணப்படும் மென்பவளங்கள் சர்க்கோஃபைட்டன் (காளான் வடிவம்), சினுலாரியா (விரல் வடிவம்), சீனியா (மூடித் திறக்கும் வகை) ஆகியவை. இவற்றின் திசுக்களுக்குள் ஒரு விருந்தாளி குடியிருக்கிறது. சூசாந்தெல்லே எனப்படும் ஒரு செல் பாசி அது. சூரிய ஒளியில் இது உணவு தயாரிக்கிறது. தயாரித்ததில் பெரும் பகுதியைத் தங்க இடம் கொடுத்த பவளத்துக்கே தருகிறது. சில பவளங்களில் இந்தப் பங்கு 90 விழுக்காடு வரை போகும். பதிலுக்குப் பவளம் தன் கழிவாகிய கார்பன் டை ஆக்சைடையும் அம்மோனியாவையும் பாசிக்குத் தருகிறது.

சீனியா ஏன் ஓயாமல் கையசைக்கிறது தெரியுமா? செங்கடலில் வாழும் அதன் உறவினப் பவளத்தை ஆராய்ந்து இஸ்ரேலிய அறிவியலாளர்கள் 2013இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் திசுவைச் சுற்றித் தேங்கினால் பாசியின் வேலை மந்தமாகும். கையசைப்பு அந்த ஆக்சிஜனைத் தள்ளிவிடுகிறது. பாசி நன்றாக வேலை செய்யப் பவளமே விசிறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாசியின் பக்கம் வாருங்கள். ஒளியும் கார்பன் டை ஆக்சைடும் இருந்தால் அது மாவுச்சத்துச் செய்துவிடும். ஆனால் புரதம் செய்ய நைட்ரஜன் வேண்டும். டிஎன்ஏ, செல் சவ்வு, ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஆகியவற்றைச் செய்யப் பாஸ்பரஸ் வேண்டும். பவளத்துக்கும் இவை வேண்டும். நெல்லுக்கு உரம் போலப் பவளத்துக்கு இவ்விரண்டும். சுழியம் காட்டும் தொட்டியில் பவளம் பட்டினி கிடக்கிறது.

ஒரு கிராம் தீவனம் என்ன செய்யும்?

தொட்டிக்குள் இந்தச் சத்துகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மீனுக்குப் போடும் தீவனத்திலிருந்துதான். மீன் புரதத்தைத் தின்கிறது. செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. அம்மோனியா நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அந்த அளவுக்குத் தீங்கானதல்ல. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் பவளத்தை உள்ளே விடக்கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தீவனத்தில் 40 விழுக்காடு புரதமும் 1 விழுக்காடு பாஸ்பரஸும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். எனவே 1 கிராம் தீவனத்தில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளது. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால், ஆக்சிஜனின் எடையும் சேர்ந்து, 4.43 மடங்கு, அதாவது சுமார் 283 மில்லிகிராம் நைட்ரேட் ஆகும். 100 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 2.8 மில்லிகிராம்.

பாஸ்பரஸ் 10 மில்லிகிராம். பாஸ்பேட்டாக மாறும்போது 3.07 மடங்கு, அதாவது சுமார் 31 மில்லிகிராம். அதே தொட்டியில் லிட்டருக்கு 0.31 மில்லிகிராம்.

பார்க்கச் சிறிய எண்கள். ஆனால் மென்பவளத் தொட்டிக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் பாஸ்பேட் அளவே லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம்தான். ஒரே ஒரு கிராம் தீவனம் அந்த மேல் வரம்பைப் போல மூன்று மடங்கைக் கொண்டுவந்து கொட்டிவிடும்! நல்ல வேளையாக எல்லாம் நீரிலேயே தங்குவதில்லை. மீன் கொஞ்சத்தைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. பாசியும் பாக்டீரியாவும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கின்றன.

நைட்ரஜனுக்கு வாசல் உண்டு, பாஸ்பரஸுக்கு இல்லை

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. பாறையின் ஆழத் துளைகளில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். அந்த வாயு குமிழியாக நீரை விட்டுக் காற்றில் கலந்துவிடும். ஆக, நைட்ரஜன் வெளியேற ஒரு வாசல் உண்டு.

பாஸ்பேட் அப்படி வாயுவாக மாறி வெளியேறுவதில்லை. அது சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொள்கிறது. நீரில் பாஸ்பேட் குறைந்தால் பாறையிலிருந்து மெல்ல மெல்லக் கரைந்து திரும்பவும் வருகிறது. நாமாக வெளியே எடுத்தால்தான் அது தொட்டியை விட்டுப் போகும்.

இதனால்தான் இரண்டும் ஒரே வேகத்தில் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டுவிட்டால் சமநிலை சாய்ந்துவிடும்.

சாய்ந்தால் என்ன ஆகும்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்தும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பவளத்துக்குள் இருக்கும் பாசி அளவில்லாமல் பெருகும். பவளம் கரும்பழுப்பாக மாறும். வாடகை கொடுத்து வந்த விருந்தாளி தனக்கே சமைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறான். வெளியே கண்ணாடியிலும் பாறையிலும் பச்சை இழைப்பாசி படர்ந்து பவளத்தை மூடும்.

இரண்டும் சுழியமானால் பவளத்தின் நிறம் வெளுக்கும், அது சுருங்கும், சீனியா கரைந்தே போகலாம். அதோடு, மற்றப் பாசிகள் பசியால் ஒடுங்கிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, சளி போன்ற பழுப்பு நிற டைனோஃப்ளாஜெலேட் படலம் பரவுவதைத் தொட்டி வளர்ப்பவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. பலருக்கும் தெரியாதது இதுதான்: நைட்ரேட் நிறைய இருக்கிறது, பாஸ்பேட் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் கல் பவளங்களை இந்த நிலையில் வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. நைட்ரஜனால் பாசி வேகமாகப் பெருக முயல்கிறது. ஆனால் செல் சவ்வு கட்டப் போதிய பாஸ்பரஸ் கிடைக்கவில்லை. அதனால் பாசி, பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பைச் சவ்வில் வைக்கிறது. வெப்பமும் ஒளியும் கூடும்போது அதன் ஒளிச்சேர்க்கை அமைப்பு தாக்குப்பிடிப்பதில்லை. பவளம் பாசியை இழந்து வெளிறிப் போகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லூ கீ என்னும் பவளத்திட்டில் 1984 முதல் 2014 வரை முப்பது ஆண்டுகள் நீரைச் சோதித்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வும் இதையே உணர்த்துகிறது. நிலத்திலிருந்து வந்த நைட்ரஜன் கூடி, பாஸ்பரஸுடன் இருந்த விகிதம் மாறியபோது பவளங்கள் நலிந்தன. வெப்பம் மட்டும் காரணமல்ல; விகிதமும் காரணம்.

ஒரு குறிப்பு. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1930களில் தொடங்கிய ஆய்வின் வழி, கடல் மிதவை உயிரிகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அணு எண்ணிக்கையில் ஏறத்தாழ 16க்கு 1 என்று இருப்பதைக் காட்டினார். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொட்டி நீரையும் 16க்கு 1 ஆக்கச் சிலர் பாடுபடுகிறார்கள். தேவையில்லை. அது உயிரிகளின் உடலமைப்பைச் சொல்லும் சராசரி. தொட்டி நீருக்கு எழுதிய மருந்துச் சீட்டு அல்ல. இரண்டும் இருக்க வேண்டும், எதுவும் தீர்ந்துவிடக்கூடாது, அளவு திடீரென மாறக்கூடாது. இவை மூன்றும்தான் முக்கியம்.

எவ்வளவு இருந்தால் போதும்?

மென்பவளத் தொட்டிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகள் இவை:

நைட்ரேட்: லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம்.
பாஸ்பேட்: லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம்.
உப்பு: 1 கிலோகிராம் நீரில் சுமார் 35 கிராம்.
வெப்பநிலை: 25 முதல் 27 பாகை செல்சியஸ்.

திறந்த கடலில் உள்ள பவளத்திட்டுகளில் நைட்ரேட் இதைவிட மிகவும் குறைவு. பிறகு தொட்டியில் மட்டும் ஏன் கூடுதல்? கடலில் அலை ஓயாமல் மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் அந்தச் சாப்பாடு இல்லை. அதனால் நீரில் கரைந்த சத்துகள் ஈடு செய்கின்றன.

சோதனைப் பெட்டி வாங்கும்போது அதன் தாளைக் கவனமாகப் படியுங்கள். சில பெட்டிகள் 'நைட்ரேட்' என்று காட்டும். சில 'நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன்' என்று காட்டும். இரண்டாவது வகை 2 என்று காட்டினால் உண்மையில் நைட்ரேட் 8.9. முன்பு பார்த்த அதே 4.43 மடங்குதான்.

எண்ணோடு பவளத்தையும் பாருங்கள். நன்றாக விரிந்து நிற்கிறதா, நிறம் மாறுகிறதா என்று வாரம் ஒரு முறை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வைத்தால் ஒப்பிட எளிது. ஆனால் சர்க்கோஃபைட்டன் சில நாள்களுக்குக் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு போன்ற படலத்துடன் நிற்பது உண்டு. பயப்படாதீர்கள். பழைய படலத்தை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி விரியும்.

கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

கூடிவிட்டால் முதல் வேலை, தீவனத்தைக் குறைப்பது. மீன் ஓரிரு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போதும். அடுத்தது நீர் மாற்றம். நைட்ரேட் 40 இருக்கும் தொட்டியில் 20 விழுக்காடு நீரை எடுத்துவிட்டு நைட்ரேட் இல்லாத புதிய உப்புநீரை ஊற்றினால் 32 ஆகும். அடுத்த முறை 25.6, அதற்கடுத்து 20.5. ஒரே நாளில் எல்லா நீரையும் மாற்றிவிட ஆசை வரும். அந்தத் திடீர் மாற்றம் பவளத்துக்கு அதிர்ச்சி.

வாரம் ஒரு முறை 20 விழுக்காடு மாற்றுகிறீர்கள். தீவனத்தால் வாரம் 4 மில்லிகிராம் நைட்ரேட் கூடுகிறது. அப்படியானால் அளவு எங்கே போய் நிற்கும்? 4ஐ 0.2ஆல் வகுங்கள்: 20. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் 20, பின் 16. எவ்வளவு காலம் தொடர்ந்தாலும் இதற்குக் கீழே இறங்காது. இன்னும் குறைய வேண்டுமென்றால் தீவனத்தைக் குறைக்க வேண்டும் அல்லது மாற்றும் நீரைக் கூட்ட வேண்டும்.

புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவி காற்றுக்குமிழிகளால் கழிவை நுரையாகத் திரட்டி, அது நைட்ரேட்டாக மாறும் முன்பே வெளியேற்றும். பக்கத் தொட்டி ஒன்றில் கீட்டோமார்ஃபா போன்ற கடற்பாசியை வளர்த்து அவ்வப்போது அறுத்தெடுத்தால், அது உண்ட நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதனோடு சேர்ந்து வெளியே போய்விடும். பாஸ்பேட்டை மட்டும் பிடித்துவைக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளும் உண்டு. அவற்றைக் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். அதிகம் போட்டால் பாஸ்பேட் சுழியத்துக்கு இறங்கி, மேலே பார்த்த மூன்றாவது நிலையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

குறைந்துவிட்டால் எதிர்த்திசையில் செல்லுங்கள். மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீவனம், ஸ்கிம்மர் ஓடும் நேரத்தில் குறைப்பு, இரும்பு மணிகளை எடுத்துவிடுதல். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பிறகு ஒரு வாரம் காத்திருந்து மீண்டும் சோதனை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர வைத்தால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை ஈடு செய்ய உப்பில்லாத வடிகட்டிய நீரையே ஊற்ற வேண்டும். குழாய் நீரை நேரடியாக ஊற்றினால் அதிலுள்ள குளோரின் தீங்கு செய்யும்.

ஜொகூர் கடலில் இதே கணக்கு

தொட்டியை விட்டு வெளியே வந்து நீரிணையைப் பாருங்கள். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தரைப்பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அது நீரிணையை இரண்டாகப் பிரித்து, நீர் இரு பக்கமும் ஓடிக் கலப்பதைத் தடுத்துவிட்டது. நீர் மாற்றம் குறைந்த தொட்டி போல என்று சொல்லலாம். சுற்றியுள்ள ஆறுகளும் நகரங்களும் தரும் சத்துகள் அங்கே சேர்கின்றன. 2014 பிப்ரவரியில் மேற்கு நீரிணையில் கார்லோடினியம் ஆஸ்ட்ரேல் என்னும் நுண்பாசி பெருகி, கூண்டுகளில் வளர்த்த மீன்கள் திரள்திரளாக மடிந்தன. அந்த நுண்பாசியும் பவளத்துக்குள் வாழும் சூசாந்தெல்லேயும் டைனோஃப்ளாஜெலேட் என்னும் ஒரே குழுவைச் சேர்ந்தவை.

பக்கத் தொட்டியில் கடற்பாசி செய்யும் வேலையைச் செய்ய ஜொகூருக்கும் இயற்கை ஏற்பாடு உண்டு. கெலாங் பாத்தாவுக்கு அப்பால் மெராம்போங் பகுதியில் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. சுங்கை பூலாய் சதுப்புநிலக் காடு 2003இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இவை நிலத்திலிருந்து வரும் சத்துகளில் ஒரு பகுதியை உறிஞ்சி, மண்ணையும் வடிகட்டுகின்றன. இவற்றை அழித்தால் வடிகட்டியைக் கழற்றி எறிவதற்குச் சமம்.

கிழக்குக் கரையில் மெர்சிங்குக்கு அப்பால் ராவா, பெசார், சிபு, திங்கி, அவுர், பெமாங்கில் முதலிய தீவுகளைச் சுற்றி சுல்தான் இஸ்கண்டார் கடல் பூங்கா அமைந்திருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஆறுகள் மண்ணையும், தோட்டங்களில் இட்ட உரத்தின் மிச்சத்தையும், கழிவுநீரையும் கடலில் சேர்க்கின்றன. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் பவள வெளிறல் நடப்பதாக அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். கடல் சூடாவதை ஒரு ஊர் மட்டும் தடுத்துவிட முடியாது. ஆனால் ஆற்றில் என்ன கலக்கிறது என்பது அந்த ஊரின் கையில்தான் இருக்கிறது. விகிதம் சரியாக இருக்கும் பவளம் வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பதைத்தான் சவுத்தாம்ப்டன் தொட்டிகள் காட்டின.

வாங்கும் முன் மூன்று செய்திகள்

ஒன்று: கடலிலிருந்து பவளத்தை எடுத்துவராதீர்கள். கடல் பூங்காவில் பவளத்தைப் பறிப்பதோ சேதப்படுத்துவதோ 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். சர்க்கோஃபைட்டன் போன்றவற்றைத் தொட்டியிலேயே வெட்டி வளர்க்க முடியும். அப்படி வளர்ந்த துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு: சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும் டென்ட்ரோனெஃப்தியாவை விட்டுவிடுங்கள். அதற்குள் சூசாந்தெல்லே இல்லை. அது மிதக்கும் நுண்பாசிகளை ஓயாமல் வடித்துத் தின்று வாழ்வது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் செத்துவிடும்.

மூன்று: மென்பவளங்களோடு சேர்த்து விற்கப்படும் சோவாந்திட்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது. அந்த ஆவியே ஆபத்து.

போட்டுப் பாருங்கள்

60 லிட்டர் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம். வாரம் ஒரு முறை 25 விழுக்காடு நீர் மாற்றுகிறீர்கள். (அ) புதிதாக எதுவும் கூடவில்லை என்றால் எத்தனை மாற்றங்களில் அளவு 15க்குக் கீழே இறங்கும்? (ஆ) வாரம் 3 மில்லிகிராம் கூடினால், நீண்ட நாளில் நீர் மாற்றத்துக்கு முன் அளவு எங்கே நிற்கும்?

விடை: (அ) 30, 22.5, 16.9, 12.7 என இறங்குவதால் நான்கு மாற்றங்கள். (ஆ) 3 ÷ 0.25 = 12. மாற்றத்துக்குப் பின் 9. இரண்டுமே மென்பவளத்துக்கு ஏற்ற அளவு. பாஸ்பேட்டையும் சோதிக்க மறந்துவிடாதீர்கள்.